இருபத்தாறு தலைகள்

பதினோராவது பாம்பின் தலையை இடது கையில் பிடித்துத் தேய்க்கத் தொடங்கியபோது அதன் வாய் தானாகத் திறந்துகொண்டது. உள்ளே பாதி செரித்த மீன் ஒன்றின் வால் தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி, கட்டைவிரலால் அந்த வாயை மூடினாள். மூடிய வாயின் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ கசிந்து கையுறையின் மேல் இறங்கியது. சாப்பிட்ட கையோடு இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைவிட நாகரிகமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கும் இதைவிட நாகரிகமாக அந்த நாள் போகவில்லை.

பயம் என்று நினைத்துவிடாதீர்கள். செத்த பாம்பிடம் என்ன பயம். பயம் வந்தால் போய்விடும். அருவருப்பு போவதில்லை, ஒட்டிக்கொண்டு கூடவே வீட்டுக்கு வரும். வலையில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்த கடல்பாம்புகள் அவை. வேண்டாத மீனோடு மீனாகப் படகில் கிடந்து, ஐஸ் பெட்டியில் கிடந்து, கடைசியில் இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ்த்தளத்துக்கு வந்து உறைபெட்டியில் அடுக்கப்படும். காலையில் எடுத்துத் தொட்டியில் போட்டால் பத்து மணி வாக்கில் இளகும். இளகும்போது தலையிலிருந்து வால்வரை ஒரு கோழை பூத்திருக்கும். சளியைப் போலக் கொழகொழவென்று, விரலை எடுத்தால் நூலாகக் கூடவே வரும். அதற்கு அடியில் தோல் தன் இடத்தில் நிற்காது. ஆறிய பாலின் மேல் ஆடை நகர்வதுபோல நகரும். அந்த நகர்வுதான் அவளுக்குக் குடலைப் புரட்டியது. நாற்றம்கூட இரண்டாம்பட்சம்.

வேலை இவ்வளவுதான். தலையில் இருக்கும் கோழையை நீக்க வேண்டும். பல் டாக்டர்கள் பல்லுக்கு அச்சு எடுக்கும் பசையை, தலைச் செதில்களின் மேல் மெல்லப் பூச வேண்டும். இறுகியதும் உரித்து, சின்ன டப்பாவில் போட்டு, எண் எழுதி மாடிக்கு அனுப்ப வேண்டும். மாடியில் இருக்கும் மேடம் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து எதையோ எண்ணுவாள். எதை என்று இவள் கேட்டதில்லை. பாம்புத் தலையில் எண்ணுவதற்கு என்ன இருந்தால் என்ன, ஐந்து மணிக்கு இந்த இடத்தை விட்டுப் போனால் சரி.

கோழையை நீக்க ஈரப் பஞ்சு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. பக்கத்து அறையில் ஜாடிகளில் ஸ்பிரிட் நிரப்பிப் பாதுகாக்கிறவர், எல்லோருக்கும் ஜாடியண்ணன், முதல் நாளே சொல்லியிருந்தார். "கொழந்தைக்கு மூஞ்சி தொடைக்கிற மாதிரி தொடைக்கணும் தங்கச்சி. அவசரப்பட்டா கோவிச்சுக்கும்." அவர் கையுறைகூடப் போடுவதில்லை. பாம்பின் வாயை நூலால் ஒரு சுற்றுக் கட்டிவிட்டு வெறும் விரலால் துடைப்பார், அதே விரலால் காது குடைவார். அவள் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

பஞ்சால் துடைத்தால் ஒரு தலைக்குக் கால் மணி நேரம். கால் மணி நேரம் அந்தக் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாம்புக்கு இமை கிடையாது. ஐந்து மாதத்துக்கு மேல் பொறுத்தவள், இந்த முப்பது பாம்புக் கட்டு வந்த அன்று வீட்டிலிருந்து நகம் தேய்க்கும் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். சோப்பு ஒரு சொட்டு, முன்னும் பின்னுமாகப் பத்து தேய்ப்பு, ஒரு நிமிடத்தில் தலை பளிச்சென்று ஆகிவிடும். அன்றிலிருந்து அப்படித்தான். முப்பது பாம்பும் ஒரே இனம், ஒரே கடல். மீன் வால் தெரிந்த அன்றைக்குப் பதினொன்று. அந்த வாரம் முடிவதற்குள் இருபத்தாறு.

வீட்டில் அதே மாதிரி பிரஷ் இன்னொன்று இருந்தது. அது அவள் கைக்கு. வாசல் குழாயடியிலேயே நின்று முழங்கைவரை தேய்த்துக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். புருஷனின் அக்கா கதவருகில் நிற்பாள், சோதனைச் சாவடி மாதிரி.

"கழுவியாச்சா?"

"ஆச்சு அண்ணி."

"எத்தன தடவ?"

"நாலு."

"அஞ்சாவது தடவையும் கழுவிட்டு வா. சாப்பாடு எங்கயும் எந்திரிச்சு ஓடிடாது."

கழுவிவிட்டு வந்தாலும் அண்ணி பாத்திரத்தைத் தொட விடமாட்டாள். "நீ ஒக்காரு, நான் போடறேன்" என்பாள். கேட்கிறவர்களுக்கு அது பாசமாகத் தெரியும். இவள் தட்டு மட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். புருஷன் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். பன்னிரண்டு வருடமாக அவருடைய டர்பன்டைன் வாடையை அவள் முகர்ந்திருக்கிறாள், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அவரோ ஆறு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுக்கிறார். "தப்பா நெனைக்காத. கை மேல பட்டா எனக்கு என்னமோ நெளியற மாதிரி இருக்கு" என்று ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அவள் கையைத் தன் பக்கமே மடக்கி வைத்துக்கொள்வாள். தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் வழவழத்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. தையல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. சில்லறை எது பட்டன் எது என்று பைக்குள் கைவிட்டுத் தெரியவில்லை.

பின்னே ஏன் இந்த வேலைக்குப் போகிறாள் என்று கேட்பீர்கள். அண்ணி கேட்காத நாளில்லை. கீழ்த்தளத்து அறைக்கு ஒரு கதவு இருந்தது, அதை அவளே சாத்திக்கொள்ளலாம். வீட்டில் அவளுக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை. அருவருப்போ, நாற்றமோ, அது அவளுடைய அறை.

வெள்ளிக்கிழமை மதியம் மேடம் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கீழே வருவதென்றால் மூக்கில் முகமூடி, பையில் கைக்குத் தடவும் கிருமிநாசினி மருந்து. அன்றைக்கு முகமூடியை மறந்துவிட்டிருந்தாள்.

"அக்கா, மேல வாங்க. ஒண்ணு காட்டணும்."

"நானா மேடம்? இப்படியேவா?"

"ஏப்ரனக் கழட்டிட்டு வாங்க. சீக்கிரம்."

மாடி அறை வெள்ளை வெளேரென்று இருந்தது. நாற்றமே இல்லை. திரையில் முதலில் ஒரு படத்தைப் போட்டாள். போன மாதம் ஜாடியண்ணன் துடைத்த வேறு இனத்தின் தலைச் செதில். அதன் மேல் புள்ளி புள்ளியாக, கோடைக்காலத்தில் பிள்ளையின் முதுகில் வேர்க்குரு மாதிரி, நூறு இருநூறு மேடுகள்.

"இது ஒவ்வொண்ணும் தொடு உணர்ச்சிக்கான உறுப்புக்கா. நெலத்துப் பாம்புக்கும் இருக்கு, ஆனா தட்டையா இருக்கும். கடலுக்குள்ள போனதுக்கப்புறம், லட்சக்கணக்கான வருஷத்துல, இப்படி எழும்பி நின்னிருக்கு. பக்கத்துல ஒரு மீன் வாலாட்டினா தண்ணி அசையும்ல, அந்த அசைவு இதுல தெரியும்னு நெனைக்கறோம். காதுக்கும் கண்ணுக்கும் பதிலா தோலு."

செத்த தோல் என்று அவள் தொட்டுக்கொண்டிருந்தது இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறதா?

"வாலு இன்னும் அதிசயம். சில கடல்பாம்புக்கு வால் தோலே வெளிச்சத்த உணரும். பாறை இடுக்குல தலைய ஒளிச்சுக்கிட்டுப் படுத்திருக்கும்போது வால்ல வெளிச்சம் பட்டா, படக்குன்னு உள்ள இழுத்துக்கும். கண்ணே வேண்டாம்."

ஐயோ, என்றுதான் அவளுக்கு இருந்தது. தலையில் கண் போதாதென்று தோலிலும். கழுவும்போது அவள் வாலைத்தானே முழங்கைக்கு அடியில் இடுக்கிப் பிடித்துக்கொள்வாள்!

"இப்ப இதப் பாருங்க." மேடம் அடுத்த படத்தைப் போட்டாள். "நீங்க அனுப்பின இருபத்தாறு. ஒண்ணுலகூட மேடு இல்ல. அங்கொண்ணு இங்கொண்ணு, அவ்வளவுதான். இந்த இனம் வழியில அதத் தொலைச்சிருக்கு! வால்ல வெளிச்சம் உணரற இனம் இது. தலையில இருந்த உணர்ச்சி தேவையில்லாமப் போயிருக்கலாம். யாருமே இத இதுவரைக்கும் சொல்லல. நாலு வருஷம் அக்கா. நாலு வருஷமா எண்ணி எண்ணிக் கண்ணு போச்சு, இப்ப கெடச்சிருக்கு. திங்கக்கெழம மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள கட்டுரைய அனுப்பணும். கடைசியில நன்றின்னு போட்டு உங்க பேரையும் எழுதியிருக்கேன்."

திரையில் செதில் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. அதன் குறுக்கே மெல்லிய கோடுகள். எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே இடைவெளியில்.

"இந்தக் கோடு என்ன மேடம்?"

"மணல்ல உரசியிருக்கும். வலைக்குள்ள வரும்போது."

மணல் இப்படி வரிசையாக உரசாது. பத்து தேய்ப்பு, முன்னும் பின்னும். அந்தக் கோடுகளைக் கிழித்த கையை அவள் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சந்தோஷம் மேடம்" என்றாள்.

கீழே வந்ததும் முதல் வேலையாக வாந்தி எடுத்தாள். ஆறு மாதத்தில் பாம்புகள் செய்ய முடியாததை ஒரு படம் செய்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் ஜாடியண்ணன். அவருக்கு என்ன தோன்றியதோ, நேராகத் தொட்டிக்குப் பின்னால் கைவிட்டுப் பிரஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிரஷ்ஷின் மயிர்களுக்கு நடுவில் மெல்லிய சவ்வு மாதிரி ஏதோ சிக்கி உலர்ந்திருந்தது. பாம்புத் தோலின் மேல் ஏடு.

"அண்ணே..."

"நான் ஒண்ணும் பாக்கல தாயி. எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ். எட்டு மாசத்துக்கு எனக்குக் கண்ணு தெரியாது."

"மேடம் தப்பா எழுதிடுவாங்களே, தலையில மேடே இல்லன்னு."

"எழுதட்டுமே. பாம்பு என்ன, என் தலையில மேடு இருந்துச்சுன்னு கேஸ் போடப் போகுதா?" பிரஷ்ஷைக் குப்பைக் கூடையில் போட்டு, அதன் மேல் நாலு ஈரக் காகிதத்தைப் போட்டு மூடினார். "இதோ பாரு. சொன்னா மொதல்ல உன்னத்தான் அனுப்புவாங்க. வீட்டுக்குப் போயி உன் நாத்தனா மூஞ்சியக் காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் பாத்துட்டிருப்பியா? அதுக்குப் பாம்பு தேவலாம்னு நீதானே சொன்ன?"

"நெஜமாவே மேடு இல்லாத பாம்பா இருந்தா?"

"அப்ப நல்லதுதானே."

"இருந்து, நான் தேச்சுப் போயிருந்தா?"

அவர் காதைக் குடைந்தார். "ரெண்டுல எதுன்னு உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாதத யாராவது சொல்லிட்டிருப்பாங்களா?" என்றுவிட்டுப் போனார்.

சனியும் ஞாயிறும் அவள் வீட்டில் இருந்தாள். அண்ணி தட்டை வைத்தாள். புருஷன் சுவரைப் பார்த்தார். குழாயடியில் தன் பிரஷ்ஷை எடுத்தவள் தேய்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் மேலேயே ஒரு கூச்சம். கோழைக்கு அடியில் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது, இல்லாமலும் இருந்திருக்கலாம். தொட மனமில்லாமல் அதை அவள் வழித்தெடுத்து எறிந்திருக்கிறாள். இப்போது அதற்கு அவள் பெயரோடு நன்றி வேறு. பெயர் அச்சில் வரப்போகிறதே என்று நினைத்தபோது கவிழ்த்து வைத்த தட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய்விட்டாள். உறைபெட்டியில் மிச்சம் நாலு. ஒன்றை எடுத்துத் தொட்டியில் போட்டாள். இளகக் காத்திருக்க நேரமில்லை. குழாயைத் திறந்துவிட்டு மேலே தண்ணீர் விழவிட்டாள். கோழை மெல்லப் பூத்தது. கையுறையோடு பஞ்சை எடுத்தாள். கோழை எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று ரப்பருக்குத் தெரியவில்லை. அழுத்தினால் ஏடு கிழியுமோ என்று பயமாக இருந்தது. ஒரு நிமிடம் நின்றாள். அப்புறம் இரண்டு கையுறையையும் கழற்றி எறிந்தாள்.

சில்லென்றிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். இல்லை. குழாய்த் தண்ணீரில் அது வெதுவெதுப்பாக, உயிருள்ளது போல இருந்தது. விரல்களுக்கு நடுவே கோழை இறங்கி நகக்கண்ணில் ஏறியது. அவளுக்குக் குமட்டியது. தொண்டைவரை வந்ததை விழுங்கினாள். பஞ்சை நனைத்தாள், ஒற்றினாள், பிழிந்தாள். ஒற்றினாள், பிழிந்தாள். மூக்கு ஓரத்திலிருந்து கண் ஓரம், கண் ஓரத்திலிருந்து உச்சி. கழுத்துக்கடியில் தோல் நகர்ந்தது. நகரட்டும் என்று விட்டுவிட்டாள். பழகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கடைசிவரை அது அருவருப்பாகவே இருந்தது. அருவருப்போடே முக்கால் மணி நேரம் துடைத்தாள்.

தலை சுத்தமானதும் ஆள்காட்டி விரலால் உச்சிச் செதிலை மெல்லத் தடவினாள். வழவழப்பு. நடுவிரலால் தடவினாள். அதுவும் வழவழப்பு. பாம்பு வழவழப்பா, அவள் விரல் வழவழப்பா? தன் விரலையே மற்ற விரலால் தடவிப் பார்த்தாள், ரேகை தட்டுப்படவில்லை. மேசை மேல் கிடந்த உப்புத்தாளைத் தொட்டாள், அதுகூட ஏதோ கனவில் தொட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

மணி பதினொன்றரைக்கு மேடம் கீழே வந்தாள், முகமூடியோடு. "அக்கா, அனுப்பப் போறேன். உங்க பேருக்கு எழுத்து சரியான்னு..." வெறுங்கையைப் பார்த்து நின்றாள். "என்ன இது? கிளவுஸ் எங்க?"

"மேடம், அனுப்பாதீங்க."

"என்ன?"

"நான் பஞ்சால தொடைக்கல. பிரஷ்ஷு போட்டுத் தேச்சேன். சோப்புப் போட்டு. எனக்கு அதத் தொடவே புடிக்கல மேடம், சீக்கிரம் முடியட்டும்னு தேச்சேன். அந்தக் கோடு மணல் இல்ல. நான்தான்."

மேடம் முதலில் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "எத்தன?"

"இருபத்தாறும்."

முகமூடிக்கு மேலே தெரிந்தது கண் மட்டும்தான். ஆனாலும் அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். தினமும் சாயந்தரம் கதவருகில் நின்று அவளைப் பார்க்கும் அதே பார்வை. மேடம் ஓரடி பின்னால் நகர்ந்தாள். அக்கா என்ற சொல் அப்புறம் வரவில்லை.

"உங்களுக்கு என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுதா? நாலு வருஷம்! ஒரு பஞ்சு. ஒரு பஞ்ச வெச்சுத் தொடைக்க முடியலையா உங்களால? அவ்வளவு அசிங்கமா இருந்துச்சா?"

"ஆமா மேடம். அவ்வளவு அசிங்கமா இருந்துச்சு."

அந்தப் பதில் மேடத்தை நிறுத்திவிட்டது. இல்லை என்றோ, மன்னித்துவிடுங்கள் என்றோ எதிர்பார்த்திருப்பாள் போல. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஜாடிச் சத்தம் நின்றுபோயிருந்தது. அண்ணன் காதைச் சுவரில் வைத்திருக்க வேண்டும்.

"இத இப்பத்தான் தொடைச்சேன். பஞ்சு மட்டும், வெறுங்கை. மேடு இருக்கான்னு தடவிப் பாத்தேன். எனக்குத் தெரியல மேடம். என் விரலையும் நான் தேச்சுத் தேச்சு வெச்சிருக்கேன். வழவழன்னுதான் இருக்கு, ஆனா அது பாம்பா நானான்னு சொல்ல முடியல. நீங்க தொட்டுப் பாருங்க."

"நானா? அச்சு எடுங்க. மேல கொண்டு வாங்க, பாக்கறேன்."

"ஈரம் காய்ஞ்சு, பசை இறுகி, நீங்க அத மைக்ராஸ்கோப்புல வெக்கறதுக்குள்ள பன்னெண்டு தாண்டிடும்."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள், பாம்பைப் பார்த்தாள். நாலு வருடமாகப் படத்தில் எண்ணிய தலை. ஒருமுறையும் விரலால் தொட்டதில்லை. இடுக்கி இருந்தது, டப்பா இருந்தது, கீழ்த்தளத்தில் ஆட்கள் இருந்தார்கள். அவள் பைக்குள் கைவிட்டு மருந்துப் புட்டியைத் தொட்டாள். எடுக்காமல் கையை வெளியே இழுத்தாள்.

"எங்க தொடணும்?"

"உச்சியில. அழுத்தாதீங்க."

நீட்டிய கை பாதியில் நின்றது. முகமூடிக்குள் மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. அவள் ஈரக் கையால் மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் கோழை ஒட்டிய கை என்று நினைவு வந்தது. விடுவதற்குள் மேடமே, "விடாதீங்க, இல்லன்னா எடுத்துருவேன்" என்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இரண்டு பேருமாகத்தான் அந்த விரலைக் கீழே இறக்கினார்கள். நுனி பட்டதும் மேடத்தின் தொண்டையில் 'க்' என்று ஒரு சத்தம். தோள் குலுங்கியது. விரல் நகரவில்லை. பிறகு மூக்குப் பக்கம் மெல்ல ஓர் அங்குலம் போனது, நின்றது, போன வழியே திரும்பி வந்தது. மறுபடியும் போனது, இந்தத் தடவை இன்னும் மெதுவாக. மேடம் கண்ணைத் திறக்கவில்லை. அவள் பிடித்திருந்த மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, அந்த வெளுத்த கையின் தோலில், புள்ளி புள்ளியாக மயிர்க்கால்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தன.